வாய்மொழித் தேர்வு

அடி விழுந்தபோது அவள் கண்ணாடி முன் நின்று உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தாள். ஜெர்மன் மொழியில் ஓர் ஒலி இருக்கிறது. நாக்கு ‘ஈ’ என்று நிற்க, உதடு ‘ஊ’ என்று குவிய வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் படிக்கச் சேர்ந்த நாளிலிருந்து அது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. அன்று வாய்மொழித் தேர்வு. குவிந்த உதட்டின்மேல் அண்ணனின் புறங்கை மோதிரத்தோடு இறங்கியது.

“யாரைடி திட்டுற? புரியாதுன்னு என் மூஞ்சிக்கு நேராவே திட்டுறியா?”

அப்பா போன பிறகு வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். லாரி ஓட்டி ஊர் ஊராய்ப் போகிறவனுக்கு, தன் வீட்டுக்குள் தனக்குப் புரியாத ஒரு பேச்சு நடப்பது பொறுக்கவில்லை. மாப்பிள்ளை பார்த்தாயிற்று, படிப்பு போதும் என்று அவன் சொல்லி, இவள் மாட்டேன் என்ற நாளிலிருந்து கை நீள ஆரம்பித்தது. முதலில் கன்னம், பிறகு முதுகு, போன வாரம் கதவிடுக்கில் விரல். அம்மா ஈரத்துணியை நீட்டி, “அவனுக்கு எதிர்ப்பேச்சு பேசாதடி, கைய நீட்டிடுவான்” என்றாள், இன்னும் நீட்டாதவன் மாதிரி.

ரத்தத்தைத் துப்பிவிட்டு பஸ் ஏறினாள்.

தேர்வறையில் பேராசிரியை மட்டும் இருந்தார். உதட்டைப் பார்த்தார். உன் குடும்பத்தைப் பற்றிச் சொல் என்றார், ஜெர்மனில். எல்லோருக்கும் முதல் கேள்வி அதுதான். மனப்பாடப் பதில் தயாராக இருந்தது: அம்மா நன்றாகச் சமைப்பாள், அண்ணனுக்குக் கால்பந்து பிடிக்கும். வாயைத் திறந்தாள்.

“மைன் ப்ரூடர் ஷ்லேக்ட் மிஷ்.”

என் அண்ணன் என்னை அடிக்கிறான். தமிழில் ஒரு தோழியிடம்கூடச் சொல்லாதது. அந்த மொழியில் மானம் போகவில்லை. வினைச்சொல் எங்கே நிற்க வேண்டும் என்ற கவலை மட்டுமே இருந்தது. விரலை நசுக்கினான் என்றாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள் என்றாள்.

பேராசிரியை பேனாவை வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். “இது பரீட்சைக்குச் சொல்றியாம்மா, நெஜமாவா?”

அவள் பதில் சொல்லுமுன் கதவு படீரென்று திறந்தது. அண்ணன் பின்னாலேயே வந்திருந்தான்.

“எந்திரிடி. படிச்சுக் கிழிச்சது போதும்.”

முடியைப் பிடித்து இழுத்தான். குறுக்கே வந்த பேராசிரியையை நெட்டித் தள்ளினான். அவர் நெற்றி இரும்பு அலமாரியில் மோதியது. தன்மேல் விழுந்த எந்த அடியும் செய்யாததை அந்தச் சத்தம் செய்தது. நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி அவன் கைமேல் இறக்கினாள். சுள்ளி ஒடிவதுபோல எலும்பு ஒடிந்தது. அலறி மண்டியிட்டான். மறுபடி ஓங்கினாள், இந்த முறை தலைக்கு. ஓடிவந்த மாணவர்கள் பிடுங்காவிட்டால் அது எங்கே இறங்கியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில், தையல் போட்ட உதட்டோடு அவள் ஒரு பெஞ்சில். எதிர் பெஞ்சில் அண்ணன், பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். உள்ளே பேராசிரியைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் சின்னப் பிள்ளைபோல மூக்கை உறிஞ்சினான். பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அடிக்க அவனுக்கு இன்னொரு கை மிச்சமிருக்கிறதே என்றும் இருந்தது.

அம்மா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“யாருக்காகம்மா வந்திருக்கீங்க?” என்றாள் நர்ஸ்.

அம்மாவின் கண் அந்தப் பெஞ்சுக்கும் இந்தப் பெஞ்சுக்குமாய் அலைந்தது. அப்போதுதான் துடைத்து ஈரம் காயாத தரை. ஒரு காலை எடுத்தவள், இன்னும் கீழே வைக்கவில்லை.