நகர்த்தப்பட்ட பதினொரு வீடுகள்

சாம்பல் நிறச் சட்டைக்காரர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து அளவுகோலால் எதையோ அளந்துகொண்டிருந்தார். கருத்தரங்குக்கு வருகிறவர்கள் கொட்டாவி விடுவார்கள், கைப்பேசியை நோண்டுவார்கள், தேநீர் எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அளவுகோலும் கையுமாக வந்தவரை ஆய்வு மாணவி இதுவரை கண்டதில்லை. மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் அந்த அளவுகோலுக்கே போய்ப்போய் வந்தது.

‘பாலினம், புவியியல், மனித உரிமை’ என்று பின்னால் பெரிதாகத் துணி கட்டியிருந்தது. பெண்கள் நகரத்தில் எங்கே நடக்கலாம், எங்கே நிற்கலாம் என்பதை ஆராயும் காலை அமர்வுக்கு மூன்று ஆண்கள் தலைமை தாங்கினார்கள். நான்காமவர், பேச்சு நீண்டால் மணியடிக்கும் பொறுப்பில் இருந்தார். நால்வருக்கும் நாற்காலி இருந்தது, அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அடி உதைக்கு அஞ்சி ஓடிவந்த பெண்களை மறைத்துக் காக்கும் வீடுகள் அந்நகரில் பதினொன்று இருந்தன. பெயர்ப்பலகை கிடையாது, அக்கம்பக்கத்தாருக்கு அவை வெறும் வாடகை வீடுகள். ஒரு வீட்டுக்கு ஆபத்து வந்தால் அடுத்த வீட்டை அடைய ஒரு பெண் எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கிறது என்பதே அவளது ஆய்வு. முகவரி வெளியே போகாது என்று அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஆகவே வரைபடத்தில் உண்மையான இடங்களில் புள்ளி வைக்கவில்லை. இத்தகைய ஆய்வுகளில் ஒவ்வொரு புள்ளியையும் வெவ்வேறு திசையில், வெவ்வேறு தூரம் தள்ளிவைப்பது வழக்கம். அப்படித் தள்ளினால் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம் பொய்யாகிவிடும். அந்தத் தூரம்தானே தன் ஆய்வு என்று அவளுக்கு மனம் வரவில்லை. எனவே பதினொன்றையும் ஒருசேரப் பிடித்து, ஒரே திசையில், ஒரே அளவு நகர்த்தினாள். ஒரு புள்ளி நீர்த்தேக்கத்தின் நடுவே போய் விழுந்தது. இனி எவனும் கண்டுபிடிக்க முடியாது என்று அதைப் பார்த்து அவள் மகிழ்ந்தும் போனாள். அந்த வரைபடத்தைத்தான் அச்சடித்து, அன்று காலை நூறு பேர் கையிலும் கொடுத்திருந்தார்கள்.

கேள்வி நேரத்தில் சாம்பல் சட்டைக்காரர் எழுந்தார்.

“இந்தப் பதினொரு வீட்லயும் இப்போ ஆளுங்க இருக்காங்களாம்மா?”

“அத சொல்ல முடியாது சார்.”

“சரிம்மா,” என்று உட்கார்ந்து, தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். சொல்ல முடியாது என்ற பதிலில் குறித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று அவள் மனம் குடைந்தது.

உணவு இடைவேளையில் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனாள்.

“சார், மூணாவது வரிசையில ஒருத்தர் ஸ்கேல் வெச்சு என் மேப்ப அளக்கிறாரு.”

“அளக்கட்டுமே. நம்ம எழுதினத ஒருத்தன் படிக்கிறான்னா சந்தோஷப்படு. முப்பது வருஷத்துல எனக்கு அந்தக் கொடுப்பினையே இல்ல.”

அவள் சிரிக்கவில்லை. பதிவு மேசைக்குப் போய்ப் பட்டியலைப் புரட்டினாள். எல்லோர் பெயருக்கும் எதிரே ஏதேனும் ஒரு கல்லூரி இருந்தது. ஒரே ஒரு பெயருக்கு எதிரே மட்டும் ‘நில அளவையர்’ என்று எழுதியிருந்தது. ஊரில் ஒவ்வொரு மனையின் நீள அகலத்தையும் விரல் நுனியில் வைத்திருக்கும் உத்தியோகம். அவள் நிமிர்ந்தபோது அவர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம் தனியா பேசணும்மா.”

“இங்கயே பேசுங்க.”

“இங்க பேசினா உங்களுக்குத்தான் கஷ்டம்.”

ஆளில்லாத வகுப்பறை ஒன்றுக்குப் போனார்கள். அவள் கதவைத் திறந்தே வைத்தாள். அவர் தாளை மேசைமீது விரித்தார்.

“இந்தப் புள்ளி தண்ணிக்குள்ள இருக்கு. தண்ணியில யாரும் குடியிருக்க மாட்டாங்க. கரையச் சுத்தி நானே அளந்திருக்கேன், மொத்தக் கரைக்கும் தெக்குப் பக்கத்துல ஒரே ஒரு வீடுதான். அங்கேருந்து இந்தப் புள்ளி நேர் வடக்கே எண்ணூறு மீட்டர். மத்த பத்தையும் எண்ணூறு மீட்டர் தெக்க இறக்கிப் பாத்தேன். ஒவ்வொண்ணும் ஒரு வாசப்படியில போய் நிக்குது. எனக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு.”

ஒரு கதை உண்டு: முயல் ஒன்று குட்டிகளைப் பல வளைகளில் ஒளித்துவைத்துவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பக்கமாகப் பத்துத் தாவல் தள்ளியே இடம் காட்டியதாம். முதல் நாள் நரி ஏமாந்தது. பிறகு பத்துத் தாவல் கணக்கு அதற்குப் பிடிபட்டது. அன்றுமுதல் முயல் சொன்ன பொய்யே நரிக்கு வழித்துணை ஆயிற்று. அந்த முயலின் நிலையில்தான் அவள் இருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“நீங்க யாரு சார்? எதுக்கு இங்க வந்தீங்க?”

“எம் பொண்ணு புருஷன் வீட்ட விட்டுப் போய் எட்டு மாசம் ஆகுது. அதுக்கு முன்னால ரெண்டு தடவ அழுதுகிட்டு எங்கிட்ட வந்தா. ரெண்டு தடவையும் புத்தி சொல்லி நான்தான் திருப்பி அனுப்பினேன். மூணாவது தடவ எங்கிட்ட வரல.” தாளை மடித்தபடி, “இந்தக் கூட்டத்தப் பத்தி மாப்பிள்ளைதான் சொன்னாரு. ‘உங்களுக்குத்தான் மேப் படிக்கத் தெரியுமே மாமா, போய்ப் பாத்துட்டு வாங்க’ன்னு அனுப்பிச்சாரு,” என்றார்.

“அப்ப கண்டுபிடிச்சதும் அவருக்கு போன் பண்ணியிருப்பீங்களே?”

“பண்ணல.”

“ஏன்?”

“தெரியலம்மா. கைய வெச்சேன், எடுத்துட்டேன்.”

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். நல்ல மனிதர் என்றும் தோன்றியது. நன்றாக நடிக்கிற மனிதர் என்றும் தோன்றியது. பதறிப்போய் அவள் பெண்களை இடம் மாற்றினால், தெருமுனையில் மாப்பிள்ளை நிறுத்திய ஆள் எவனாவது இருந்தால் அவனுக்கு வேலை மிச்சம். யார் எங்கே போகிறார்கள் என்று பின்தொடர்ந்தால் போதும். புதரைத் தட்டிக் கலைப்பதற்காகவே இவரை அனுப்பியிருந்தால்? சும்மா இருந்துவிடலாமென்றால், வரைபடம் நூறு பேர் கையில் இருக்கிறது.

“உங்க போன இங்க வைங்க சார்,” என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் வைத்தார். திரையில், எடுக்கப்படாத ஏழு அழைப்புகள். ஏழும் ‘மாப்பிள்ளை’.

அந்தப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, அவருக்குக் கேட்காதபடி நடைவழியில் நின்று தன் போனில் அக்காவை அழைத்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள்.

“அழாத. அப்புறம் அழலாம்,” என்றார் அக்கா. “ஊர்ல இருக்கிற தையல் கம்பெனி எல்லாத்துலயும் நாலு மணிக்கு ஷிப்ட் விடுவாங்க. தெரு முழுக்க ஆயிரம் பொம்பளைங்க நடப்பாங்க. அந்தக் கும்பலோட எங்க ஆளுங்களும் நடந்துருவாங்க. எங்க போறாங்கன்னு உனக்கும் சொல்ல மாட்டேன்.”

“சரிக்கா.”

“அந்த ஆள நாலரை வரைக்கும் நீ விடாத.”

பிறகு பதிவு மேசையிலிருந்த பெண்ணை வகுப்பறை வாசலில் காவல் வைத்துவிட்டுப் பேராசிரியரிடம் போய், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

“உன் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகும், தெரியுமில்ல? வெளியிலயும் நாலு பேர் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் சார். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தாள வாங்க என்கூட வாங்க.”

மாலை அமர்வு தொடங்குமுன் இருவரும் வரிசை வரிசையாகப் போய், அச்சுப் பிழை என்று சொல்லித் தாள்களைத் திரும்ப வாங்கினார்கள். பலர் கேட்காமலே கொடுத்தார்கள். காலையிலேயே புறப்பட்டுப் போன ஆறு பேரின் தாள்கள் வரவில்லை. அந்த ஆறு பேர் யார் யாரென்று அவளுக்குத் தெரியாது.

வகுப்பறைக்குத் திரும்பி, அவர் போனை மேசைமீது வைத்துவிட்டு, நில அளவையருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் தம் தாளைத் தாமாகவே நீட்டினார். வாங்கிக்கொண்டாள், ஆனால் அவர் தலைக்குள் இருக்கும் தாளை யார் வாங்குவது?

நாலேகாலுக்கு மாப்பிள்ளை மறுபடி அழைத்தார்.

“எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க,” என்றாள்.

“என்ன மாமா, எத்தன தடவ அடிக்கிறது? ஏதாச்சும் தெரிஞ்சுதா?”

“இல்ல மாப்பிள்ளை. சின்ன மேப். ஒண்ணும் பிடிபடல.”

“முப்பத்தஞ்சு வருஷம் அளந்தவருக்கா பிடிபடல?”

“பிடிபடலன்னா பிடிபடலதான்,” என்று அவர் துண்டித்தார். போனைத் திரும்ப மேசைமீதே வைத்தார். எதிரே ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பதால் சொன்ன பதிலா, இல்லாவிட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பாரா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

நாலரைக்கு அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது: பதினொன்றும் காலி.

“நீங்க போகலாம் சார்.”

அவர் எழுந்தார். கதவருகே நின்றார். “அதுல எம் பொண்ணு இருந்தாளா? ஒடம்பு எப்படி இருக்கு, அது மட்டும் சொல்லும்மா.”

அப்பா இரண்டு தடவை திருப்பி அனுப்பிய கதையை அந்தப் பெண்ணே ஆய்வு மாணவியிடம் சொல்லியிருந்தாள். அவள் எந்த வீட்டில் இருந்தாள், வந்தபோது இடக்கை எப்படி வீங்கியிருந்தது, இப்போது எவ்வளவு தேறியிருக்கிறாள் என்பதெல்லாம் ஆய்வு மாணவிக்குத் தெரியும். நன்றாக இருக்கிறாள் என்று சொன்னால், அந்த வீடுகளில்தான் இருந்தாள் என்று சொன்னதாகிவிடும்.

“எனக்குத் தெரியாது சார்.”

அவர் தலையசைத்தார். பிறகு, “அப்படித்தான் சொல்லணும்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவள் சன்னலோரம் போய் நின்றாள். அவர் வாசலைக் கடந்து பேருந்து நிறுத்தத்தில் மற்றவர்களோடு நின்றார். வந்த பேருந்தில் ஏறினார். பேருந்து கண்ணுக்கு மறைந்த பிறகும் அவள் அங்கிருந்து நகராமல் அக்காவை மறுபடி அழைத்தாள்.

“அக்கா, அவரு போயிட்டாரு. நல்லவர் மாதிரிதான் இருக்கு. ஆனா அந்தப் பழைய வீடுங்களுக்கு ஒரு துணிய எடுக்கக்கூட யாரும் திரும்பிப் போக வேண்டாம்.”