வலைமுகத்தின் கை நீளம்

ஆள் கிடைத்துவிட்டார் என்று படக் கம்பெனி மேனேஜர் போனில் சொன்னபோது டெய்லரக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஆள்?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? வலைமுகம்க்கா! ஒரிஜினல் வலைமுகம்! நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆபீசுக்கு வர்றாரு. நீங்க பார்த்து ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

ஆமான்னு ஒரு வார்த்தை. பார்த்து என்னன்னு சொல்லுங்க என்று கேட்கவில்லை. அங்கேயே அவளுக்கு ஒரு முள் குத்தியது.

வலைமுகம், இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு திகில் படத்தின் கொலைகாரன். தேன் எடுப்பவர்கள் போடுகிற வலைத்தொப்பி, முழங்காலைத் தாண்டும் கறுப்பு மழைக்கோட்டு, கையில் கோணி ஊசி. கொலைகாரனின் முகத்தைக் கடைசிவரை காட்டவே இல்லை. அதைப் பார்த்துவிட்டு ஒரு தலைமுறையே தனியாகக் குளியலறைக்குப் போகப் பயந்தது. வலைக்குள்ளே இருந்தது யார் என்று டைட்டில் எழுத்திலும் போடவில்லை. தெரிந்தால் பயம் போய்விடும் என்பது பழைய டைரக்டரின் கட்டளை. அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. கேமராமேன் வெளிநாட்டில் மகளோடு இருக்கிறார், போனை எடுப்பதில்லை. தினமும் அந்த ஆளுக்குக் கோட்டு மாட்டிவிட்டவள் என்ற முறையில், அவன் முகத்தைப் பார்த்தவர்களில் இப்போது கேட்கக் கிடைப்பவள் இவள் ஒருத்திதான்.

அவன் நடிகனே இல்லை. செட்டில் தச்சர்களுக்குப் பலகை தூக்கிக் கொடுக்க வந்தவன். உயரத்தைப் பார்த்து டைரக்டர் பிடித்துப் போட்டார். நாற்பது நாள் வந்தான். கையை விரித்து நிற்பான், கோட்டை மாட்டுவாள், போய்விடுவான். மொத்தமே பத்து வார்த்தை பேசியிருப்பான். படம் ஓடிக்கொண்டிருந்தபோதுகூட அவன் எங்கே போனான் என்று யாரும் தேடவில்லை.

இப்போது இரண்டாம் பாகம். புது டைரக்டர் ஒன்பது வயதில் தலையணைக்குப் பின்னால் ஒளிந்து அந்தப் படத்தைப் பார்த்தவர். அவர் வாயில் எந்நேரமும் ஒரே சொல்தான்: அதே. அதே நடைபாதை, அதே கோட்டு, அதே மஞ்சள் வெளிச்சம். அதே ஆளும் வேண்டுமென்று விளம்பரம் கொடுத்தார். ஆள் வந்துவிட்டான்.

மறுநாள் பத்து மணிக்கு ஆபீஸ் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு அவன் நடந்து வந்தான். இடது காலை அழுத்தி ஊன்றி, வலது காலை மெல்ல இழுத்து, ஒரு நொடி நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, மறுபடி இடது கால். கணக்குப் பிரிவுப் பெண்கள் 'ஐயோ' என்று கத்திச் சிரித்தபடி போனைத் தூக்கினார்கள். டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

டெய்லரக்கா அவன் காலைப் பார்த்தாள். செருப்பு. நல்ல தளர்வான, தேய்ந்த செருப்பு.

அந்த நடை எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் படத்துக்கு வாங்கிய பூட்ஸ் அவனுக்கு ஓர் அளவு சிறியது. மாற்றித் தர ஆளில்லை. வலது குதிகால் உரிந்து தொங்கியது. தினம் காலையில் இவள்தான் பஞ்சு வைத்துக் கட்டிவிடுவாள். காலைக் கழற்றிப் போட்டுவிடலாமா என்ற வலியில் அவன் இழுத்து இழுத்து நடந்ததைத்தான் உலகமே பேயைக் கண்ட மாதிரி பார்த்தது. பூட்ஸைக் கழற்றினால் மற்றவர்களைப் போல வீசி நடந்து போவான்.

அப்படியிருக்க, செருப்புப் போட்டவன் எதற்கு இழுத்து நடக்கிறான்?

"அவரேதானேக்கா?" என்று டைரக்டர் கேட்டார்.

"முகம் மறந்துபோச்சு தம்பி. அளவெடுத்துட்டுச் சொல்றேன்."

தன் அறைக்குக் கூட்டிப் போனாள். பழைய அளவு நோட்டு அவளிடம் இருந்தது. எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் அவளுக்கில்லை. டேப்பை எடுத்ததும் அவன் கையை விரித்து நின்றான். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் நல்ல களை, பேச்சும் தாராளம்.

"உங்களைப் பார்த்ததும் பழசெல்லாம் ஞாபகம் வந்துடுச்சுக்கா. எவ்வளவு பாடுபட்டிருக்கோம்!"

நாற்பது நாளில் அவன் பேசியதில் பாதிக்கு மேல் இவன் ஒரே மூச்சில் பேசிவிட்டான் என்று அவள் எண்ணிக்கொண்டாள். இடுப்பு நாற்பது. சரி, தொப்பை எல்லாருக்கும் வருவதுதான். தோள் பதினேழு. வயதானால் சரியும், அதையும் விடு. தோளிலிருந்து மணிக்கட்டு வரை டேப்பை ஓட்டினாள். இருபத்துநாலு.

நோட்டில் இருபத்தாறரை.

மறுபடி ஓட்டினாள். அதே இருபத்துநாலு. முடி உதிரும், பல் விழும், கை எங்கேயாவது இரண்டரை அங்குலம் குறையுமா?

முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டாள். "அந்த நாயை ஞாபகம் இருக்கா உங்களுக்கு? ஷூட்டிங் நடந்த வீட்டு நாய். உங்களைக் கண்டாலே குரைக்குமே."

"மறக்க முடியுமாக்கா? ஒரு நாள் பேண்டையே கிழிச்சிடுச்சே! நீங்கதான் உக்காந்து தைச்சுக் கொடுத்தீங்க."

அந்த வீட்டில் நாயும் இல்லை, பூனையும் இல்லை.

அவள் டேப்பைச் சுருட்டினாள். அவ்வளவு நேரம் வாய் ஓயாதவன் அதைப் பார்த்துத் தடுமாறிவிட்டான். நெற்றியில் வேர்வை அரும்பியது. வாசல்வரை போய்த் திரும்பினான்.

"டைரக்டர்கிட்ட என்னக்கா சொல்லப் போறீங்க?"

"அளவைச் சொல்லப் போறேன்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினாள். அவர் ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர். முகவரி தப்பிய கடிதங்களோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவர்.

"உனக்குப் பால்பல்லோடயே சந்தேகமும் முளைச்சிடுச்சு. தைச்சோமா வந்தோமான்னு இரேன்."

"கை எப்படிங்க குறையும்?"

"குறையாது. அவன் புளுகன்தான். இப்ப அது யாருக்கெல்லாம் தெரியும், அதைச் சொல்லு."

அதுதான் அவளையும் அரித்தது. மேனேஜர் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார்? டைரக்டரே செட்டப் செய்த ஆளாக இருந்தால்? அவர் இதுவரை, அந்தப் பழைய ஆள் எப்படிப்பட்டவன் என்று இவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லையே? உள்ளே எல்லாரும் ஒன்று என்றால், போய்ச் சொல்கிறவள் பாடுதான் திண்டாட்டம். பூனைக்கு மணி கட்டப்போய்ப் புலி வாலைப் பிடித்த கதையாகிவிடும்.

நாலு நாள் வாயைத் திறக்காமல் கோட்டைத் தைத்தாள். டைரக்டர் கேட்டபோதெல்லாம் கோட்டு முடியட்டும் என்று நழுவினாள். கை நீளம் இருபத்துநாலு வைத்தாள். மனம் ஒப்பவில்லை. ஆனால் துணியிடம் பொய் சொல்ல முடியாது.

முதல் நாள் ஷூட்டிங் காலையிலேயே ஆரம்பித்தது. பழைய நடைபாதையை அச்சு அசலாக எழுப்பியிருந்தார்கள். சுவரில் உரிந்த பெயிண்டுகூட அதே இடத்தில் உரிந்திருந்தது. கோடியில் கதாநாயகி நிற்கிறாள். இந்தப் பக்கக் கதவைத் திறந்து வலைமுகம் வருகிறான். ஊன்றுகிறான், இழுக்கிறான், நிற்கிறான், தலையைச் சாய்க்கிறான். குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தவன் மாதிரி இருந்தது.

லைட் போடுகிறவர் விசிலடித்தார். யாரோ கை தட்டினார்கள். கதாநாயகி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இரண்டாவது டேக்கில் அடக்க முடியவில்லை.

ஏழு டேக் போயிற்று. டைரக்டர் எழுந்து வந்து, டெய்லரக்காவின் துணிப்பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எல்லாம் அதேதானேக்கா? எதுல விட்டேன்? ஏன் பயமே வரல?"

அவள் அவரை நிதானமாகப் பார்த்தாள். வேஷக்காரனின் முகமாக இல்லை அது. தொலைத்ததைத் தேடி வீடு முழுக்கப் புரட்டிவிட்டு உட்கார்ந்தவன் முகம்.

"தம்பி, அன்னிக்கு அவன் அடுத்த காலை எடுத்து வைப்பானா மாட்டானான்னு எங்க யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது. இன்னிக்கு உங்க டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். எப்போ வரும்னு தெரிஞ்சு காத்திருந்தா, அது பயமா? விருந்தாளி."

டைரக்டர் ஆளில்லாத நடைபாதையைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொண்ணு. இந்த ஆள் அந்த ஆள் இல்லை."

பூட்ஸையும் பஞ்சையும் சொன்னாள். கை நீளத்தைச் சொன்னாள். இல்லாத நாயைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவருடைய காது சிவந்தது. இவருக்குத் தெரியாது என்று அப்போதுதான் அவளுக்கு உறுதியானது.

"மேனேஜருக்கு?"

"அதை நீங்கதான் கேக்கணும்."

கேட்டார். மேனேஜர் தலையைச் சொறிந்தார். "சந்தேகம் இருந்துச்சு சார். ஆனா கேட்டாத்தானே தெரியும், தெரிஞ்சாத்தானே தப்பு?"

டைரக்டருக்கு வந்த கோபத்தில் அந்த ஆளைக் கோட்டோடு வெளியே தள்ளப்போனார். டெய்லரக்காதான் அவர் கையைப் பிடித்தாள். ஏன் பிடித்தாள் என்று பிறகு கணவர் கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வாசலில் திரும்பி நின்று 'என்ன சொல்லப் போறீங்க' என்று கேட்டானே, அந்த முகம் மட்டும் நினைவுக்கு வந்ததாம்.

"விரட்டாதீங்க. அந்த நடையை விட்டுடச் சொல்லுங்க. அது அவனோடதும் இல்லை, உங்களோடதும் இல்லை. கதவுகிட்ட சும்மா நிக்கட்டும்."

"நின்னா?"

"நடந்து பார்த்தாச்சே தம்பி. நின்னு பார்த்தா என்ன குறைஞ்சிடும்?"

அவனிடம் வேறெதையும் சொல்லவில்லை. நான் சொல்கிறவரை நில்லுங்கள், நடக்க வேண்டாம் என்று மட்டும் டைரக்டர் சொன்னார். குரல் வறண்டிருந்தது. கேமரா ஓடியது.

கதவு திறந்தது. கறுப்புக் கோட்டு நின்றது. எல்லாரும் இடது காலுக்காகக் காத்திருந்தார்கள். அது அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வலை மட்டும் மெல்லத் திரும்பியது. டைரக்டரைப் பார்த்தது. மேனேஜரைப் பார்த்தது, அங்கே நெடுநேரம் நின்றது. பிறகு லைட்காரர், பிறகு கதாநாயகி. ஒவ்வொருவராக, எதையோ எடை போடுகிற மாதிரி. விசிலும் இல்லை, பேச்சும் இல்லை. கதாநாயகி ஓர் அடி பின்னால் வைத்தாள். தனக்குப் பின்னாலிருந்த கதவின் பிடியைத் தேடிய அவள் கை இரண்டு முறை வெறும் சுவரைத் தடவியது.

கடைசியில் வலை டெய்லரக்காவின் பக்கம் திரும்பியது.

கோட்டு அவள் வெட்டியது. வலை அவள் தைத்தது. உள்ளே இருப்பவன் கடைந்தெடுத்த புளுகன் என்றும் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவளே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் மடியிலிருந்த கத்தரிக்கோலை அவள் கை இறுகப் பற்றிக்கொண்டது.

'கட்' சொல்ல டைரக்டருக்கு மறந்தேபோயிற்று.

அன்று மாலை அவன் கோட்டை மடித்துக்கொண்டு வந்து அவள் மேசையில் வைத்தான். "சொல்லிட்டீங்கதானேக்கா?"

"சொல்லிட்டேன்."

"எப்போ?"

"நீ நிக்கிறதுக்கு முன்னாடி."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "நான் நடிக்கலக்கா. டைரக்டர் குரலே மாறியிருந்துச்சு. யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாதுன்னு ஒவ்வொரு முகமாப் பார்த்துக்கிட்டு நின்னேன். கால் ரெண்டும் உதறுச்சு. நல்லவேளை, கோட்டு நீளம்."

அவன் பூட்டு ரிப்பேர்காரனாம். கல்யாண வீடு, பிறந்தநாள் என்று அக்கம்பக்கத்தில் அந்த நடையை நடந்து காட்டிக் கைத்தட்டு வாங்கியே வளர்ந்தவன். விளம்பரத்தைப் பார்த்ததும், இத்தனை வருஷம் வராதவன் இனியா வரப்போகிறான் என்று துணிந்துவிட்டானாம். டைரக்டர் அவனைப் படம் முடியும்வரை வைத்துக்கொண்டார். ஆனால் பழைய ஆள் என்று விளம்பரம் செய்தால் நான் பெட்டியைக் கட்டிவிடுவேன் என்று டெய்லரக்கா நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. முதலில் ஒட்டிய போஸ்டர்களைக் கிழித்தார்கள். ரசிகர்கள் ஒரு வாரம் திட்டித் தீர்த்தார்கள். பிறகு வேறு சண்டை கிடைத்ததும் போய்விட்டார்கள்.

படம் வந்தது. கணவரோடு பகல் காட்சிக்குப் போனாள். டைரக்டருக்கு அந்த நடையை முழுசாக விட மனம் வரவில்லை, நாலைந்து இடத்தில் வைத்திருந்தார். அங்கெல்லாம் தியேட்டர் எழுந்து நின்று கத்தியது. பழைய சிநேகிதனைப் பார்த்த சந்தோஷம், அவ்வளவுதான். கதவருகே நின்ற அந்த மூன்று நிமிஷத்தில் மட்டும் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். கணவர் அவள் கையைத் தேடிப் பிடித்தார், வெளியே வந்ததும் பிடிக்கவே இல்லை என்று சாதித்தார்.

டைரக்டர் போனில் கேட்டார். "முதல் படம் மாதிரி வந்திருக்காக்கா?"

"மூணு நிமிஷம் வந்திருக்கு. மிச்சம் நீங்க ஆசைப்பட்டது."

அவர் சிரித்தாரா பெருமூச்சு விட்டாரா, தெரியவில்லை.

அடுத்த வாரம் பூட்டு ரிப்பேர்காரன் அவள் வீட்டுக்கு வந்தான். அலமாரிப் பூட்டு சிக்கிக்கொண்டிருந்தது, அவள்தான் கூப்பிட்டிருந்தாள். அவன் வேலை செய்கிறவரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நிஜத்தைச் சொல்லு. முதல் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பே?"

"முழுசா ஒரு தடவைகூட இல்லைக்கா. அவன் கதவைத் திறந்துட்டு நடந்து வர்ற வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல உக்கார முடியாது, எழுந்து வெளியே ஓடிடுவேன். இன்னிக்கு வரைக்கும் முடிவு என்னன்னு எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். முகம் கள்ளமில்லாமல் பால் மாதிரி இருந்தது. அவள் அதை நம்பவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. அவன் பூட்டுக்கு எண்ணெய் விட்டுச் சாவியைத் திருப்பியபோது, முடிவைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டு, அவனுக்குக் காபி போட எழுந்தாள்.