அறுநூறு வலது பாக்கெட்

என் தம்பியை ஊரே ராக்கெட் என்றுதான் கூப்பிடும். ஐந்தே வருடத்தில் நான்கு தையல் மெஷினைப் பதினெட்டாக்கியவன். தெருவின் எதிர்ப்பக்கம் என் கடை. ஒன்பது பேர், ஒன்பது மெஷின், எல்லாரும் பங்குதாரர்கள். துணி வாங்குவதிலிருந்து ஃபேனை எந்த நம்பரில் வைப்பது என்பதுவரை கை தூக்கி ஓட்டெடுத்துத்தான் முடிவு செய்வோம். இதைக் கேட்டாலே அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

"அக்கா, நம்மள மாதிரி ஏழை நாட்டுக்கு முதல்ல வளர்ச்சி, அப்புறம்தான் ஓட்டு. ஒருத்தன் சொல்லணும், மத்தவன் செய்யணும். உன் கடையில ஃபேன் சுத்துறதுக்குள்ள வெயில் காலமே முடிஞ்சிடும்."

வாய்க்கொழுப்பு! ஆனால் அவன் வாசலில் சரக்கு வண்டி வந்து நிற்கிறது, என் வாசலில் பூனை வந்து நிற்கிறது.

இந்த வருடம் பஸ் கம்பெனியின் யூனிபார்ம் ஆர்டருக்கு இரண்டு பேரும் மோதினோம். அவனுக்குக் கிடைத்தது. முதலில் அறுநூறு சட்டை. அதில் சொதப்பினால் மீதி வருட ஆர்டர் முழுக்க எனக்குத்தான் என்று கம்பெனி மேனேஜரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அவன் சொதப்ப வேண்டுமென்று நான் வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை. தம்பியாவது, மண்ணாவது!

சட்டைகளை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் காலை, ராக்கெட் என் கடைக்குள் புகுந்தான். பேயறைந்த முகம். உடம்பில் புத்தம்புதுக் கண்டக்டர் சட்டை. பெருமையாக ஒன்றை மாட்டிப் பார்த்தவன், பேனாவைச் செருகப் போயிருக்கிறான். நெஞ்சின் இடது பக்கம் பாக்கெட்டையே காணோம். அது வலது பக்கம் இருந்தது. மேஜைமேல் மல்லாக்க விரித்த சட்டையில், தன் இடது கைப்பக்கம், அதாவது மாட்டுபவருக்கு வலது பக்கம், சாக்பீஸால் குறி போட்டுக் கொடுத்தவனே அவன்தான்.

"அறுநூறுமாடா?"

"அறுநூறும்."

"ஒருத்தர்கூடவா பாக்கல?"

அவன் பின்னால் நின்ற அவனுடைய கட்டிங் மாஸ்டர் தரையைப் பார்த்தார். எல்லாரும்தான் பார்த்திருக்கிறார்கள். வெட்டியவர், தைத்தவர்கள், இஸ்திரி போட்டவர், மடித்தவர். போன வருடம் "அளவு சரியில்லையே" என்று வாய் திறந்த ஒருவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவன் என் தம்பி. அப்புறம் எவர் சொல்வார்?

"உன் ஒன்பது மெஷினும் சேர்ந்தா நாளைக்குள்ள பிரிச்சு மாத்திடலாம். கூலி தர்றேன். காப்பாத்துக்கா."

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வெளியே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "நான் என்னடா செய்ய? ஓட்டெடுக்கணுமே," என்றேன். கைக்கு வரும் ஆர்டரை எவர் காலால் உதைப்பார்?

"உதவ வேண்டாம்கிறவங்க கை தூக்குங்க."

என் கை மட்டும் மேலே போனது. திரும்பிப் பார்த்தேன். எட்டுப் பேரும் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன, தூங்கிட்டீங்களா? வருஷ ஆர்டரே நமக்கு வரப்போகுது!"

பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற பெரியம்மா நிதானமாகச் சொன்னார். "வரும்தான். உடனே அவரு ஆளுங்க எல்லாரையும் நிறுத்துவாரு. தப்பு அவரு பண்ணினது, வேலை அவங்களுக்குப் போகணுமா? கையை இறக்கும்மா, வலிக்கப் போகுது."

எட்டுக்கு ஒன்று. நானே கொண்டுவந்த முறையில் நானே மண்ணைக் கவ்வினேன்.

மதியத்துக்குள் கடை நிரம்பிவிட்டது. அவன் ஆட்களும் என் ஆட்களும் முழங்கை இடித்துக்கொண்டு பாக்கெட் பிரித்தார்கள். ஆத்திரத்தில் நான் இரண்டு முறை விரலைக் குத்திக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிடுங்கிக்கொண்டிருந்த ராக்கெட் குனிந்து கேட்டான்.

"உன் கடையிலயே உன்னைத் தோக்கடிச்சுட்டாங்களே, ஒருத்தரையாவது வேலையை விட்டு நிறுத்த மாட்டியா?"

"அதுக்கும் ஓட்டெடுக்கணும்டா, மடையா."

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டான். "வேற ஏதாவது தப்பு இருக்கா? சொல்லுங்க, ஒண்ணும் பண்ண மாட்டேன்."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "ரெண்டாவது வரிசை மெஷினெல்லாம் ஆறு மாசமா தையல் விடுது, முதலாளி."

இஸ்திரிக்காரர் எழுந்தார். "நீங்க வாங்குற நூல் தண்ணி பட்டாலே சாயம் போகுது."

"நீங்க சொல்ற மாதிரி வெட்டினா நூறு சட்டைக்குப் பத்துச் சட்டைத் துணி வீணாப் போகுது," என்றாள் மூலையிலிருந்து ஒருத்தி.

ராக்கெட் என் மேஜையிலிருந்து பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தான். இரண்டு பக்கம் நிறைந்தும் அவர்கள் ஓயவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அத்தனை பேர் வாயையும் அடைத்து வைத்திருந்தபோதே என்னை முந்தியவன், இனி அவர்கள் சொல்வதையும் கேட்கப்போகிறான்.