வழக்கில் இல்லாதவளின் கடிதம்

1956. மாம்பழப் பருவம் முடிந்திருந்தது. கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழை டப்பாவில் அடைத்து விற்கும் சிறு பட்டறை நடத்திவந்த லூர்தம்மாளுக்கு, டப்பா மூடும் இயந்திரத்தை விற்ற கம்பெனியிடமிருந்து தபால் வந்தது. அந்த இயந்திரம் தங்கள் பேட்டண்டைப் பார்த்துச் செய்தது என்று இன்னொரு கம்பெனி சேலம் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறதாம். வழக்குப் போட்டவர்கள் வாடிக்கையாளர் கடிதங்களையெல்லாம் கேட்கிறார்களாம். அவருடைய கடிதமும் அதில் ஒன்று.

டப்பா மூடி கசிகிறதென்று இயந்திரக் கம்பெனிக்கு முறையிட்டபோது லூர்தம்மாள், கூழை எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம், எதைச் சேர்த்துக் காய்ச்சுகிறோம் என்று அதில் எழுதியிருந்தார். யாருக்கும் காட்டமாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் எழுதினார். கூழ் கறுக்காமலிருக்க அவரும் கூட வேலைசெய்த முனிலட்சுமியும் நாலு பருவம் பாடுபட்டுக் கண்ட பக்குவம் அது. வழக்குப் போட்ட கம்பெனியோ கூழும் விற்றது.

கடிதத்தை அவர்களுக்குக் காட்டக்கூடாது என்று லூர்தம்மாள் வக்கீல் வைத்து மனுப் போட்டார்.

"இந்த அம்மா வாதியுமில்லை, பிரதிவாதியுமில்லை. மாம்பழம் காய்ச்சுவதில் என்ன ரகசியம்?" என்றார் எதிர் வக்கீல்.

"ரகசியம் இல்லீன்னா அந்தக் காயிதம் உங்களுக்கு எதுக்குங்க?" என்றார் லூர்தம்மாள்.

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பக்குவம் வேறு யாருக்குத் தெரியும்?"

கூண்டில் நின்று பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "மிஷின் கம்பெனிக்காரங்களுக்கு. அப்புறம் எங்கூட வேலை செய்யற முனிலட்சுமிக்கு."

நீதிபதி கடிதத்தைத் தனியே படித்தார். மூடி கசிந்த விஷயத்தை மட்டும் நகலெடுத்து இரு தரப்புக்கும் கொடுக்கவும், அசலை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைக்கவும் உத்தரவிட்டார்.

மூன்றாம் வாரம் முனிலட்சுமியின் புருஷன் மாதப்பன் கோபமாகப் பட்டறைக்கு வந்தான்.

"கோர்ட்டுல இவ பேரு வந்ததும், பெங்களூர்ல வேலை, குடியிருக்க வீடுன்னு ஒருத்தன் வந்து கூப்பிட்டான். அந்தப் பக்குவத்த மட்டும் சொல்லணுமாம். இவ முடியாதுன்னுட்டா. காயிதத்துக்குக் கோர்ட்டு சீல் வெச்சுது. எம் பொண்டாட்டி வாய்க்கு யாரு வெச்சது? அவளுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

முனிலட்சுமி இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. லூர்தம்மாள் அன்றைக்கே வக்கீலிடம் போய், பட்டறையில் அவளையும் சரிபாதிப் பங்காளியாக எழுதச் சொன்னார்.

பத்திரத்தில் பெருவிரலை அழுத்தி எடுத்த முனிலட்சுமி, விரலைத் துடைக்காமலே சொன்னாள்:

"இது இல்லாட்டியும் சொல்லியிருக்க மாட்டேன்க்கா."

"தெரியும்" என்றார் லூர்தம்மாள்.