இந்திராணி வீட்டுச் சுவர்

இந்திராணி அக்காவுக்கு அழுக்கு என்றால் ஆகாது. பட்டுக் கடையில் நாள் முழுக்கப் புடவை மடித்து வைக்கிற வேலை. விரலில் பொட்டு எண்ணெய் ஒட்டியிருந்தாலும் முதலாளி கத்துவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வேகவதி ஆற்றங்கரையில், சாக்கடைக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையை அவர் வைத்திருக்கிற அழகைப் பார்த்தால் எதிர்வீட்டில் இருக்கிற எனக்கே எரிச்சல் வரும். என் வீட்டுக்காரர் வேறு அதை அடிக்கடி சொல்லிக் காட்டுவார்.

மார்கழி பாதியில் குடிசை மாற்று வாரியத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆற்றங்கரையைக் காலி செய்யப்போவதாகவும், எங்களுக்கு ஊருக்கு வெளியே மாடி வீடு தரப்போவதாகவும் சொன்னார்கள். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் வீட்டுக்கு ஒரு நம்பர் சிவப்பு மையால் எழுதினார்கள். அக்கா வீட்டுக்கு அறுபத்தொன்று. பொங்கல் கழிந்து மறுபடி வருவார்களாம், குடும்பத்தை நம்பருக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்களாம். அதுவரைக்கும் அதை அழிக்கக் கூடாது, நம்பர் இல்லாத வீட்டுக்கு மாடி வீடு கிடையாது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

போகி வந்தது. இடிக்கப்போகிற வீட்டுக்கு யாராவது வெள்ளையடிப்பார்களா? நாங்கள் அடித்தோம். சுவரை வெளுக்காமல் பொங்கல் பானை வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. நம்பரைச் சுற்றி மட்டும் ஒரு சதுரத்தை அப்படியே விட்டுவிட்டோம். இந்திராணி அக்காவும் முதலில் விட்டார். பிறகு தள்ளி நின்று பார்த்தார். முகம் போன போக்கே சரியில்லை.

"இன்னா நதியா இது, நல்ல புடவையில ஒட்டுப் போட்ட மாரி இருக்குது."

"வாணாம்கா, அப்படியே கெடக்கட்டும்" என்றேன்.

"நம்பரு அவங்ககிட்ட இருக்காதா? சும்மா பயந்துக்கினு இருக்காத."

மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து நம்பர்மேல் ஒரே இழுப்பு. காய்ந்ததும் அந்தச் சுவர்தான் தெருவிலேயே பளிச்சென்று இருந்தது. சொல்லக் கூடாது, அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

காணும் பொங்கல் முடிந்த வாரம் சுகாசினி என்ற அதிகாரி வந்தார். சின்ன வயசு, அமைதியான பேச்சு. வரிசையாகப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தவர் அக்கா வீட்டு முன்னால் நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இது புதுசா கட்டினதாம்மா?"

மாடி வீடு தருகிறார்கள் என்று தெரிந்ததும் நடுவில் குடிசை போட்டு நுழைகிறவர்கள் உண்டு. எங்கள் கரையிலேயே இரண்டு முளைத்திருந்தன. நம்பரும் இல்லாமல், புதுச் சுண்ணாம்பு வாசனையோடு நிற்கிற வீட்டை அந்தப் பெண் வேறு என்னவென்று நினைப்பார்?

"புதுசா? அறுபத்தொண்ணு மேடம் இது. பொங்கலுக்குப் பூசிட்டேன்."

"அவங்க சொல்றது நெசந்தான் மேடம்" என்று நானும் சொன்னேன்.

"எல்லா இடத்துலயும் இப்படித்தான் சொல்றாங்கம்மா. சுவத்துல இல்லாம நான் எப்படி எடுக்கிறது?"

அக்கா வீட்டில் ஆண் துணை இல்லை. மகள் ஜீவிதா ஏனாத்தூரில் காலேஜ் படிக்கிறாள். இந்த வீடும் போய் அந்த வீடும் இல்லையென்றால், மடித்துச் சம்பாதிக்கிற காசுக்கு ஊருக்குள் ஓர் அறைகூடக் கிடைக்காது. அது அக்காவுக்கும் அந்த நிமிஷம்தான் உறைத்தது. உள்ளே போய்த் தோசைக் கரண்டியை எடுத்துவந்து சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார்.

அறுபத்தொன்று வரவில்லை. மட்டமான மை, சுண்ணாம்போடு சேர்ந்து இளஞ்சிவப்புத் தூளாக அவர் காலடியில் கொட்டியது. அக்கா நிறுத்தவில்லை. பழைய சுண்ணாம்பு ஏடு ஏடாக உரிந்தது. அடியில் பச்சை பெயின்ட்டில் நூற்றுப்பன்னிரண்டு என்று தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், இன்னும் அடியில், தாரால் எழுதிய இருபத்தொன்பது.

சுகாசினி கிட்டே வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "இதெல்லாம் எப்போ எழுதினது?"

"பச்சை, ஜீவிதா பள்ளிக்கூடம் சேர்ந்த வருசம். வூடு தர்றோம்னு சொல்லி எழுதினாங்க." அக்கா மூச்சு வாங்கினார். "தார்ல எழுதினப்போ அவ என் வயித்துல இருந்தா. அப்பவும் வூடு தர்றோம்னாங்க. எங்க வூட்டுக்காரரு எதுத்த வூட்டுச் சட்டைய வாங்கிப் போட்டுக்கினு, இதோ இங்கதான் நின்னாரு போட்டோவுக்கு."

அக்கா வீட்டுக்காரர் இறந்து ஆறேழு வருஷம் ஆகிறது. அந்தச் சட்டை யாருடையது என்று எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரருடையதுதான்.

சுகாசினி யாரிடமோ போனில் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு, "பழைய நம்பர் இருந்தா போதும்னு சொல்றாங்கம்மா, இது புதுசா கட்டினது இல்லைன்னு ஆயிடுச்சு. பேர் சேர்த்துடறேன். சுவரை ஒட்டி நில்லுங்க" என்றார்.

அக்கா தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார். இருபத்தொன்பதைத் தோள் மறைக்கிறதா என்று திரும்பிப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்துகொண்டார். போட்டோ எடுத்தாயிற்று.

"அவ்ளோதாம்மா. உங்களுக்கு வீடு உண்டு" என்றார் சுகாசினி.

அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கரண்டியைப் புடவையில் துடைத்துக்கொண்டே, கோபமே இல்லாமல், கடையில் அளவு கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"இந்தத் தபாவாச்சும் நான் இருக்கும்போதே குடுத்துடுவீங்களா மேடம்?"

சுகாசினி இருபத்தொன்பதை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.