ஊரைப் பற்றி எழுதினால் டீ வாங்க வேண்டும்

எங்கள் கவிதைக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். சொந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

சட்டம் போட்டவர் பஸ் அண்ணன். நகரப் பேருந்து ஓட்டுகிறார், அதனால் அந்தப் பெயர். ஞாயிறு மதியம் நூலக மாடியில் கூடுவோம். ஆரம்பத்தில் ஆளுக்கொரு ஊரைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்து அழுதுவிட்டுப் போவோம். கிணறு, வேப்பமரம், அம்மா கைச் சோறு. கேட்டுக் கேட்டு அண்ணனுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"போதும்ப்பா! இது கவிதைக் கூட்டமா, எழவு வீடா? இந்த ஊர்ல மரம் இல்லையா, மழை இல்லையா? கண்ணத் திறந்து பாத்து எழுதுங்க. இனிமே யார் ஊரைத் தொட்டாலும் எல்லாருக்கும் டீ!"

அடுத்த வாரமே தன் ஊர் ஏரியை எழுதிக்கொண்டு வந்து முதல் டீயை அவரே வாங்கினார். பல் டாக்டரம்மா மாதம் ஒருமுறை வாங்கிவிடுவார். நான் மட்டும் ஒருமுறைகூட வாங்கியதில்லை. கஞ்ச மகாராணி என்று பட்டம் கொடுத்தார்கள். கொடுக்கட்டும், எனக்கு அதில் பெருமைதான். ஊரை விட்டு வந்தாச்சு என்றால் வந்தாச்சு. திரும்பித் திரும்பிப் பார்த்தால் கழுத்துதான் சுளுக்கும்.

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. துவைத்த படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான இஸ்திரி உருளைக்குள் விட வேண்டும். மறுபக்கம் மொடமொடவென்று வந்து விழும். அந்தச் சத்தத்தில் யாரோடும் பேச முடியாது. அதனால் மனசுக்குள் வரி கட்டுவேன். ஒரு விரிப்புக்கு ஒரு வரி. பிடிக்கவில்லையென்றால் அடுத்த விரிப்பில் மாற்றிக்கொள்வேன். கூடத்துக்குப் பின்னால் நுரையோடு போகிற ஓடை, நடைபாதைக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு நிற்கிற மரத்தின் வேர், மழை பொய்த்த வருஷம் எங்கள் ஜன்னலுக்கு வந்த பேர் தெரியாத பறவை, எல்லாம் எழுதியிருக்கிறேன். எல்லாம் இந்த ஊர்ச் சரக்கு. யாராவது குறை சொல்லட்டுமே பார்க்கலாம்!

குறை சொன்னாள் என் தங்கை.

அவள் என்னைவிட ரொம்பச் சின்னவள். நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வயசில் பிறந்தவள். நாங்கள் இருவரும் பிறந்த வீட்டில்தான் அவள் இருந்தாள். அந்த வீட்டைக் கடல் தின்றுகொண்டிருந்தது. அவள் போனில் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோலச் சொல்வாள். "அக்கா, பக்கத்து வீட்டு மதில் போச்சு." "அக்கா, கிணத்துல உப்புத் தண்ணி." "அக்கா, நம்ம திண்ணை வரைக்கும் வந்துட்டுப் போச்சு." அவள் பேசும்போதெல்லாம் பின்னால் அலைச் சத்தம் கேட்கும். சில நேரம் அவள் குரலைவிட அதுதான் தெளிவாகக் கேட்கும்.

தெருவில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அரசாங்கம் தள்ளி எங்கேயோ அடுக்குமாடி கட்டிக் கொடுத்திருந்தது. இவளும் இவள் புருஷனும் மட்டும் இருந்தார்கள். அவர் மூட்டை கட்டி வைத்துவிட்டு இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் விரிசல் விட்டு அதில் கை நுழையும் என்றாள்.

"கிளம்புடி. செவுரு தலையில விழுந்தாத்தான் போவியா?"

"போறேன். ஒண்ணே ஒண்ணு. நம்ம வீட்டைப் பத்தி ஒரு கவிதை எழுதேன்."

"என்ன?"

"ஓடையைப் பத்தி எழுதறே, வேரைப் பத்தி எழுதறே. கண்ட பறவையைப் பத்தியெல்லாம் எழுதறே. நம்ம வீடு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? நீ எழுதி வாசி. அதைக் கேட்டுட்டுத்தான் நான் படி இறங்குவேன்."

"மிரட்டறியாடி?"

"ஆமா, மிரட்டறேன்."

பிடிவாதத்துக்கு எங்கள் குடும்பத்தில் பஞ்சமே இல்லை. அவள் சொன்னால் செய்வாள். அதனால் எழுதுவது என்று உட்கார்ந்தேன்.

வரவில்லை. உருளைக்குள் விரிப்பு போய்க்கொண்டே இருந்தது, ஒரு வரி வரவில்லை. எதிர்முனையில் நிற்கிறவள், ஏன் இப்படி முறைக்கிறாய் என்று சைகையில் கேட்டாள். வீட்டில் என் வீட்டுக்காரர் குழம்பில் உப்பு இல்லை என்றார். "உப்புக்குத்தான் உங்க மச்சினிச்சி வீட்டுல குறைச்சல் இல்லையே, அங்க போய் சாப்பிடுங்க" என்று கத்திவிட்டு, நானே உட்கார்ந்து அழுதேன். அவர் பாவம், தட்டைக் கழுவி வைத்தார்.

எப்படியோ ஒன்றை ஒப்பேற்றினேன். வாசலில் கடல், அது தினமும் கதவைத் தட்டுகிறது, நாங்கள் திறப்பதில்லை என்று போனது அந்தக் கவிதை. நன்றாகத்தான் இருந்தது. போனில் அவளுக்கு வாசித்தேன். முடித்ததும் நானே கேட்டேன்.

"என்னடி, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம வீடு இல்லையே."

"ஏன், வேற யார் வீடு?"

"அக்கா, நீ இருந்தப்ப வாசல்ல கடலா இருந்துச்சு?"

எனக்குச் சுரீர் என்றது. அந்த வீட்டில் வாழ்ந்த காலம் முழுக்க நான் வாசலிலிருந்து கடலைப் பார்த்ததே இல்லை. கடலுக்குப் போகிறோம் என்றால் அது ஒரு பயணம். அம்மாவிடம் கெஞ்சி அனுமதி வாங்க வேண்டும். இத்தனை வருஷம் போனில் அலையைக் கேட்டுக் கேட்டு, என் வீட்டு வாசலில் நானே கடலைக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன்.

"நான் வளர்ந்து விவரம் தெரியறதுக்குள்ள முன்தெருவெல்லாம் கடல்ல போயிடுச்சு" என்றாள் தங்கை. "அங்க என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அம்மாவும் போய்ட்டாங்க. உனக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதுன்னுதான் கேட்டேன். எனக்குத் தெரிஞ்ச வீட்டையே எனக்கு எழுதித் தர்றியே!"

மறுநாள் உருளைக்கு முன்னால் நின்றேன். முதல் விரிப்பை விட்டேன். வாசல்படி வந்தது. அடுத்த விரிப்புக்கு மணல் தெரு வந்தது. அதற்கு அடுத்ததற்குத் தையல்கடை. அப்புறம் நிற்கவில்லை. வேலை முடியும்வரை நான் அந்தத் தெருவில் நடந்துகொண்டே இருந்தேன். கால் சூடு பொறுக்காமல் நிழலுக்கு நிழல் தாவிப் போன இடமெல்லாம் வரிசையாக வந்தது. இத்தனை நாள் எங்கே போய் ஒளிந்திருந்ததோ தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே லாரி வந்துவிட்டது. அவள் புருஷன் கடைசியில் ஒரு நாளாவது ஆண்பிள்ளையாக நடந்துகொண்டார். "வண்டி காத்துக்கிட்டு நிக்குதுக்கா, இப்ப வாசிக்கிறியா?" என்று தங்கை கேட்டாள். நூலகத்துக்குக் கீழே உள்ள கடையில் நின்றுகொண்டிருந்தேன். "லைன்லயே இருடி" என்று சொல்லிவிட்டு, அட்டைத் தட்டில் டீக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

எல்லோரும் தட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். கேலி செய்ய வாயைத் திறந்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"நீயாம்மா?" என்றார் பஸ் அண்ணன்.

"சட்டம்னா சட்டம்தானே அண்ணே. எடுத்துக்குங்க."

போனை மேசை நடுவில் வைத்தேன். என் தங்கை கேட்கிறாள் என்று சொன்னேன். வாசித்தேன். முழுவதையும் இங்கே எழுத மாட்டேன். முடிவு மட்டும் இது.

*தையல்கடை தாண்டினால் பள்ளிக்கூடம்.
பள்ளிக்கூடம் தாண்டினால் தென்னந்தோப்பு.
தோப்பு தாண்டினால் வலை காயும் வெளி.
அதையும் தாண்டினால் நண்டு ஓடும் மணல்.
அதற்கும் அப்புறம்தான்,
கடலே, உன் இடம்.*

யாரும் டீயைத் தொடவில்லை. போனில் அலைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"கேட்டியாடி?" என்றேன்.

பதில் இல்லை. இரண்டு தரம் கூப்பிட்டேன். மூன்றாவது தரம் என் குரல் நூலகத்துக்கே கேட்டிருக்கும். சுவர், விரிசல் என்று என்னென்னவோ கண்ணுக்குள் வந்தது. பஸ் அண்ணன் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவள் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"இங்கதான் இருக்கேன்."

"எங்கடி போய்த் தொலைஞ்சே?"

"போனை வாசப்படியில வெச்சுட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்னுட்டேன். நீ தையல்கடைன்னதும் என்னால கேக்க முடியல."

"அடிப்பாவி! எழுது எழுதுன்னு என் உயிரை வாங்கிட்டு..."

"நான் கேக்கலன்னா என்னக்கா? வீடு கேட்டுச்சுல்ல. அதுக்குத் தெரியும் அந்தத் தெருவெல்லாம்." லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "படி இறங்கறேன்க்கா" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

ஆறிப்போன டீயை எல்லோரும் குடித்தார்கள்.

சில நாள் கழித்து, நான் வேலைக்கு நடுவில் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கூப்பிட்டாள். போனை எடுத்ததும் எனக்கு என்னவோ போல இருந்தது. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, பின்னால் அலை இல்லை.

"வீடு முந்தாநாள் போச்சாம்" என்றாள். ஸ்கோர் சொல்கிற குரல் இல்லை அது.

"சாப்பிட்டியா?"

"ம். வீடு நல்லா இருக்கு. குழாயில நல்ல தண்ணி வருது. ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டு ஜன்னல். பக்கத்துல எல்லாரும் நல்லவங்கதான்." "ஆனா காது அடைச்ச மாதிரியே இருக்குக்கா. சத்தமே இல்ல. காலையில எழுந்து வாசல்னு நினைச்சு செவுத்துல போய் முட்டிக்கறேன். அவரு சிரிக்கிறாரு."

"பழகிடும்டி."

"நீ எத்தனையோ வருஷம் முன்னாடியே போனவ. ஒரு நாளாவது அழுது நான் பாத்ததில்ல. அதனாலதான் உன்கிட்ட கேக்கறேன்." அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல ஆகிவிட்டது. "அக்கா, உனக்கு எப்ப சரியாச்சு?"

சலவைக்கூடத்தில் மணி அடித்தது. எதிர்முனைக்காரி விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வா என்று தலையாட்டினாள். சீக்கிரம் சரியாயிடும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு இன்னும் சரியாகலடி" என்றேன்.