பழைய பெயருக்கு வந்த விருந்தாளிகள்

அப்பா அவளைப் பழைய பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டபோது, அறைக்குள்ளிருந்து அவள் வரவில்லை. நாலு தெரு தள்ளியிருந்து ஒரு பேருந்து நடத்துநர் வந்தார். தோளில் தொங்கிய தோல்பையோடு வாசலில் செருப்பைக் கழற்றினார், கை கழுவ எங்கே தண்ணீர் என்று கேட்டார், மேசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். யார் நீங்கள் என்று அம்மா கேட்டதற்கு, "கூப்பிட்டீங்களேம்மா, அதான் வந்தேன்" என்றார். அவருடைய பெயரும் அதேதான். ஆள் பார்க்க நல்லவராகத் தெரிந்ததாலும், சோறு ஏற்கெனவே தட்டில் விழுந்துவிட்டதாலும் அம்மா பரிமாறினாள். வயிறு நிறையச் சாப்பிட்டார். உப்பு ஒரு கல் குறைவு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரத் தொடக்கத்தில்தான் அவள் வீட்டில் விஷயத்தை உடைத்திருந்தாள். தான் பெண் என்றும், இது இன்று நேற்று முளைத்த நினைப்பு அல்ல என்றும், மருத்துவரைப் பார்த்து மாத்திரை தொடங்கியாயிற்று என்றும், இனி அந்தப் பெயர் தனக்கு ஆகாது என்றும் சொன்னாள். அம்மா அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "அக்கா துணியெல்லாம் உனக்குத் தோள்ல பிடிக்கும், பிரிச்சுத் தைக்கணும்" என்றாள். பக்கத்துத் தெருவில் குடியிருந்த அக்கா, இதெல்லாம் தனக்கு எப்போதோ தெரியும் என்று போவோர் வருவோரிடம் பெருமையடித்துக்கொண்டாள். அப்பா மட்டும் ஏற்கவில்லை. அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, யார் வீட்டுக் குழந்தை தொலைந்துபோய் எந்தக் கடையில் அழுதுகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் ஊருக்குச் சொல்கிற குரல் அவருடையது. அவள் பிறந்த அன்று, ஒரு வண்டி கிளம்பி அடுத்தது வருவதற்குள், பிள்ளைக்கு வைத்த பெயரை ஒலிபெருக்கியிலேயே அறிவித்தவர். முன்பின் தெரியாத பயணிகள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்களாம். அப்படி அறிவித்த பெயரை இப்போது திரும்பப் பெறுவதா என்று அவருக்கு வீம்பு. ஆகவே வழக்கத்தைவிட உரக்கக் கூப்பிட்டார்.

மறுநாள் கூப்பிட்டபோது ஒரு பல் மருத்துவர் கையுறையோடு வந்தார். பாதி வேலையில் விடப்பட்ட நோயாளி வாயில் பஞ்சோடு அவர் பின்னாலேயே வந்தார். அதற்கடுத்த நாள் ஒரு வங்கி மேலாளர், காதோரம் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக வந்து, எதற்காக வந்தோம் என்று தனக்கே புரியாமல் கதவுக்குப் பின்னால் நின்றார். ஊரில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. அப்பா அசரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபத்தில் மூச்சுவிடாமல் கூப்பிட்டதில், கூடம் நிறைந்து படிக்கட்டு வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பெயர் என்பதால், தண்ணீர்ச் செம்பைத் தள்ளச் சொல்லி ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட, இன்னும் நாலு பேர் வந்து சேர்ந்தார்கள். கடைசிப் பந்தியும் எழுந்து போன பிறகு அம்மா கரண்டியை மேசைமேல் வைத்தாள்.

"இன்னொரு தடவ அந்தப் பேரு இந்த வீட்டுல கேட்டுச்சுன்னா, சமைக்கிறது நீங்கதான்."

அப்பா மறுநாளும் கூப்பிட்டார். அம்மா சொன்ன சொல் தவறாதவள். வந்து உட்கார்ந்த தபால்காரருக்கு அப்பாவே முட்டை பொரித்துக் கொடுத்தார். தபால்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, அவசரத் தபால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். அதோடு அந்த வீட்டில் அந்தப் பெயர் நின்றது.

அதன் பிறகு அப்பா யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் வாழக் கற்றுக்கொண்டார். "சாப்பாடு ஆறுது" என்பார், ஜன்னலைப் பார்த்து. "குடை எடுத்துட்டுப் போனா நல்லது" என்பார், கதவிடம். வாடா என்றும் வராது, வாம்மா என்றும் வராது. ஆளே இல்லாமல் ஒரு மனிதர் இத்தனை வாக்கியம் பேச முடியுமா என்று அக்கா ஆச்சரியப்பட்டாள். அவளுக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் அந்தப் பெயர் காதில் விழுந்தால் விலாவுக்குள் தூண்டில் முள் மாட்டி இழுப்பதுபோல் இருக்கும். இப்போது அந்த இழுப்பு வேறு யார் யாரையோ இழுத்துக்கொண்டு போனதில் உடம்பு லேசாகியிருந்தது. ஆனால் ஒரு பெயருமே இல்லாமல் இருந்தால் எப்படியிருக்கும் என்று அவள் யோசித்திருக்கவில்லை.

அவள் வேலை பார்த்தது மோட்டார் காயில் கட்டும் கடையில். எரிந்துபோன மோட்டார்களையும் மின்விசிறிகளையும் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்து, புதுச் செப்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் பூசிக் காயவைத்துத் தருகிற வேலை. முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னபோது, "நீ யாரா வேணா இரு. கட்டின காயில் எரியாம இருந்தாச் சரி" என்று அவர் அன்றைக்கே முடித்துவிட்டார். கூப்பிடுவதுதான் சிரமமாகிப் போனது. ஏய் என்றால் கடையில் எல்லோரும் திரும்பினார்கள், அவளைத் தவிர. ஒருநாள் சங்கிலியில் தொங்கிய பெரிய மோட்டார் ஒன்று பிடி நழுவி அவள் முதுகை நோக்கி ஆடி வந்தது. முதலாளி வாயைத் திறந்தார். உள்ளே பெயர் எதுவும் இல்லை. "ஏ... ஏ..." என்று காற்றுதான் வந்தது. மோட்டார் அவள் காதுத்தோட்டை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது. அவள் தோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். முதலாளி தரையிலேயே உட்கார்ந்து ஒரு குடம் தண்ணீர் குடித்தார்.

"சீக்கிரம் ஒரு பேர வெச்சுத் தொலைம்மா. எனக்கு நெஞ்சு தாங்காது."

அக்கா அந்தப் பொறுப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டாள். யாருக்காவது பெயர் வைக்கும் ஆசை அக்காவுக்கு நெடுநாளாக உண்டு. பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் மாமியார் முந்திக்கொண்டு வைத்துவிட்ட மனக்குறை வேறு. ஏற்பாடு இதுதான்: அவள் உள்ளறையில் நிற்க வேண்டும், அக்கா கூடத்திலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள், எந்தப் பெயருக்கு அவள் கால் தானாக நகர்கிறதோ அதுவே அவள் பெயர். முதல் பெயருக்கு அவள் கால் நகரவில்லை; வாயில் குண்டூசிகளோடு ஒரு தையல்காரி வந்தாள். ஊசிகளை எடுத்துவிட்டு, விவரம் கேட்டுவிட்டு, "வேணும்னா எம் பேர நீயே எடுத்துக்கோம்மா, எனக்கு அது எப்பவுமே அக்குள்ல பிடிக்கும்" என்றாள். இரண்டாவதற்கு ஒரு தலைமையாசிரியை வந்து, வந்த காலோடு எல்லோரையும் நிமிர்ந்து உட்காரச் சொன்னார். இன்னொரு பெயருக்கு ஒற்றைச் செருப்போடு ஒரு குழந்தை தத்தித் தத்தி வர, மற்றச் செருப்பைக் கையில் பிடித்தபடி அதன் தாய் துரத்திக்கொண்டு வந்தாள். உலகத்தில் யாருக்கும் இல்லாத பெயராக வைத்துவிட்டால் தொல்லையில்லை என்று அக்கா அழகான சொற்களாகப் பொறுக்கி ஒன்றோடொன்று ஒட்டி ஒரு நீளப் பெயர் செய்தாள். கூப்பிட்டார்கள், யாரும் வரவில்லை. அவள் காலும் அசையவில்லை. அடுத்த வாரம் பெட்டியும் கையுமாக ஒரு பெண்மணி வந்து இறங்கி, "கப்பல் லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காதீங்க" என்றார். அவ்வளவு தூரம் வந்தவரை உடனே அனுப்ப முடியாமல் அம்மா சில நாள் வைத்திருந்து அனுப்பினாள்.

வந்த பெண்கள் எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். அதுவே அவளுக்கு வருத்தமாகவும் இருந்தது. ஒவ்வொருத்தியும் தன் பெயருக்குள் சொந்த வீட்டில் நடமாடுவதுபோல் இருந்தாள்; எந்த விளக்குக்கு எந்த சுவிட்ச் என்று தெரிந்து வைத்திருந்தாள். தான் மட்டும் திண்டாடி நிற்பதாக அவளுக்குத் தோன்றியது.

"எதையாவது வெச்சுக்கறேன்க்கா" என்றாள் ஒரு சாயங்காலம். "பேருதானே."

"கால் நகரலியேடி" என்றாள் அக்கா. அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, புதிதாக வளர்ந்திருந்த முடியைச் சிக்கெடுக்கத் தொடங்கினாள்.

அதற்குப் பின் ஒரு காலை, கதவைத் தட்டிக்கொண்டு ஒரு நர்ஸ் வந்தாள். "உள்ளேருந்து யாரோ கூப்பிட்டாங்க. ரொம்ப மெதுவாத்தான் கேட்டுச்சு" என்றாள். வீட்டில் யாரும் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தாள், அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள், குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பா வெளியே வந்தார். அவ்வளவு நேரம் தண்ணீர் ஓடியும் அவர் தலை நனைந்திருக்கவில்லை. நர்ஸைப் பார்த்து, "யாரு இது?" என்று அதட்டலாகக் கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார். அடுத்த காலை ஒரு மீன்காரி வந்தாள். அதற்கடுத்த காலை ஒரு நீதிபதி, நடைப்பயிற்சிக்குப் போட்ட காலணியோடு. ஊரிலேயே பெரிய குரல் உள்ள மனிதர், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு அடியில் பெண் பெயர்களாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குளியலறைக் கதவை நோக்கி ஓர் அடி வைத்தாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்டுக்காத. கண்டுக்கிட்டா நிறுத்திடுவாரு."

ஆகவே யாரும் கண்டுகொள்ளவில்லை. காலையில் வருகிற பெண்களுக்கு அம்மா வாசலிலேயே டீ கொடுத்து, "அவரு இன்னும் தேடிட்டிருக்காரு" என்று தாழ்ந்த குரலில் சொல்லி அனுப்பினாள். அவர்களும் புரிந்துகொண்டு, டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள். மழைக்காலம் முழுக்க இது நடந்தது. தெருவைவிட அந்தக் குளியலறையில் அதிகத் தண்ணீர் ஓடியது.

ஒருநாள் மாவு மில் மோட்டார் ஒன்று அவசரம் என்று அவள் விடியலிலேயே கடைக்குப் போயிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பிச் சுற்றுகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்தபோது, கால்கள் எழுந்து நின்றன. அவள் இன்னும் உட்கார்ந்த நினைப்பில்தான் இருந்தாள்.

"யாரோ கூப்பிடறாங்க" என்றாள்.

"நான் இல்லம்மா. என்கிட்ட ஏது பேரு?" என்றார் முதலாளி.

கால்கள் நடந்தன, அவளும் கூடப் போனாள். கையில் பிடித்திருந்த கம்பி முனையை விட மறந்துவிட்டதால், உருளை கடையில் சுழலச் சுழலச் செப்புக் கம்பி அவள் பின்னாலேயே தெருத்தெருவாக நீண்டது. சந்தை முனையில் போக்குவரத்துக் காவலர் வண்டிகளை நிறுத்திக் கம்பிக்கு வழிவிட்டார். அவள் வீட்டுத் தெருவில் திரும்புவதற்குள், பின்னால் எவரோ அதில் ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். உள்ளே வந்தவளின் முகத்தை அம்மா பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அடுப்பை அணைத்தாள். அவள் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்றது அப்பாவின் குரல்.

"நான்தான்ப்பா. கூப்பிட்டீங்களே."

தண்ணீர் நின்றது.

"கடையிலேருந்தா வர்ற?"

"ஆமாப்பா."

"அங்க வரைக்குமா கேட்டுச்சு?" அந்தக் கேள்வியில் தொழில்காரரின் பெருமை கொஞ்சம் இருந்ததை மறைக்க முடியாது. "மெதுவாத்தானே சொன்னேன். சரி, இன்னொரு தடவ சொல்றேன். சரியா இருக்கான்னு பாரு."

சொன்னார். போக வேறு இடமில்லாததால் அவள் கால் கட்டைவிரல்கள் கதவில் முட்டின. தெருவிலிருந்து யாரும் வரவில்லை. அம்மா எதற்கும் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, தலையாட்டினாள்.

"சரியா இருக்குப்பா" என்றாள் அவள்.

"அப்ப சரி" என்றார் அப்பா, உள்ளேயிருந்து. "சோப்பு தீந்துபோச்சு. அலமாரியிலேருந்து ஒண்ணு எடுத்துக் குடும்மா."

அந்தப் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. எழுதினால் படிப்பவர் யாராவது வாய்விட்டுச் சொல்லிவைப்பார்கள். அந்த வீட்டில் சொன்னால்தான் பலிக்கும் என்கிறார்கள். இருந்தாலும் எதற்கு வம்பு, கையில் பாதி காயிலோடு இருப்பவளை எழுப்பக் கூடாது. அதன் பின் வருடங்கள் ஓடின. அவள் சொந்தமாகக் கடை போட்டாள். பழைய முதலாளி தொழிலை விட்ட பிறகு தினமும் அங்கே வந்து உட்கார்ந்து, தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அக்கம்பக்கத்தில் யாருக்காவது தூரத்தில் இருக்கும் மகனோ சண்டை போட்டுக்கொண்டு போன தங்கையோ வேண்டியிருந்தால், அப்பாவிடம் வந்து கூப்பிட்டுத் தரச் சொன்னார்கள். அவரும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கூப்பிட்டுக் கொடுத்தார்.

பதிவு அலுவலகத்துக்குப் போவதுதான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசியில் அப்பாவும் அவளும் போனபோது, எழுத்தர் விண்ணப்பத்தைக் கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்தார். கூட்டத்தில் நிற்க முடியாமல் அவள் எதிர்ப்புறக் கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தாள்.

"இதுக்கு என்னங்க அர்த்தம்? இப்படி ஒரு பேர நான் கேள்விப்பட்டதே இல்லியே" என்றார் எழுத்தர்.

"கூப்பிட்டா வருவா" என்றார் அப்பா. "வேற என்ன அர்த்தம் வேணும்?"

எழுத்தர் நம்பாதவராக, நாற்காலியை விட்டு எழாமலே, பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்காதபடி அந்தப் பெயரை ஒருமுறை படித்தார். சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிந்ததும் அவள் கையில் டீ டம்ளரோடு உள்ளே வந்து, "கூப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டாள். எழுத்தர் தலையாட்டினார், முத்திரையைக் குத்தினார், வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டார். அவரும் வந்தார்.